வால்வும் யாழும்

யாழ் என்னும் சொல்லை அறியாத தமிழ் மாணவர் இலர். பண்டை யாழைக் கண்ணாற் கண்டவரும் இலர். பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரையாசிரியர் கூறியதைப் படிக்கின்றோம்; தேர்வுத்தாளில் எழுதுகின்றோம்; மதிப்பெண்ணும் பெறுகின்றோம். பத்தரின் ஆழம் யாது, கோட்டின் வளைவு எத்துணை, நரம்பின் நீளம் எவ்வளவு என்று எவரேனும் வினவின் வாயடைத்து நிற்கின்றோம். பாடினோர் அழகைப் பாடினர். செய்தோர் அளவை எழுதி வைத்திலர். கருவி போயிற்று, பெயர் நின்றது.

இவ்வெண்ணம் நமக்கு நூல்நிலையத்தில் உதித்ததன்று. சென்ற கோடை விடுமுறையில், நம் ஊராகிய அஞ்செட்டியில், ஒரு தகரக் கொட்டகையுள், மூடி கழற்றிய பழைய மைக்செட்டு ஒன்றன் முன் குந்தியிருந்தபொழுது உதித்தது. அஞ்செட்டியை அறியாதார்க்கு ஒரு சொல். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காடும் குன்றும் சூழ, கன்னட நாட்டின் எல்லையை அடுத்துக் கிடப்பது நம் ஊர். மாலைப் பொழுதில் யானை சாலையைக் கடக்கும்வரை பேருந்து காத்து நிற்பதுண்டு. சந்தைநாளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே மூச்சிற் கேட்கும். இத்தகைய ஊரிலே ஒலியைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று குடிகொண்டிருக்கும் என எவர் எண்ணுவர்? நாமும் எண்ணினோமல்லோம்.

கொட்டகைக்கு உரியவரை ஊரார் 'மைக்செட் தாத்தா' என்றே அழைப்பர். அகவை எண்பதை அணுகியவர். இளமையிற் பெங்களூர் சென்று, ஆம்ப்ளிஃபயர் கட்டும் சிறு கடையொன்றில் ஈயம் பற்றவைக்கும் பையனாகச் சேர்ந்து, பத்தாண்டு அங்கிருந்து, பின் ஊர் மீண்டவர். மாரியம்மன் திருவிழாவாயினும், தர்காவின் உரூஸ் ஆயினும், நம் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் ஆராதனையாயினும், தேர்தற் கூட்டமாயினும் அவருடைய குழாய் ஸ்பீக்கரே முழங்கிற்று. இப்பொழுது கண்ணிற் புகை படர்ந்துவிட்டது; கையும் நடுங்குகின்றது. நாம் சென்ற அன்று அப்பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதா வேண்டாவா என்று வீட்டிற் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“உள்ளே என்ன தாத்தா இருக்கிறது?” என்று வால்வு ஒன்றைக் காட்டி வினவினோம்.

“ஒண்ணுமில்லை, கண்ணு. அந்த ஒண்ணுமில்லாததுதான் வேலை செய்யுது” என்றார்.

வேடிக்கையாகத் தோன்றினும் அவ்விடை முற்றும் உண்மையே. வால்வு என்பது காற்றை அறவே நீக்கி மூடிய கண்ணாடிக் குமிழ். அதன் நடுவே ஒரு சிறு குழல் செந்தணலாகக் காய்கின்றது. காய்ந்த குழலினின்று எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. சுற்றிலும் நேர்மின்னேற்றம் பெற்ற பிளேட்டு அவற்றை ஈர்க்கின்றது. இடையிற் காற்று இருப்பின் அவை முட்டி மோதி வழி தவறும். வெற்றிடமாதலால் தடையின்றிப் பாய்கின்றன. இங்கிலாந்தைச் சார்ந்த பிளெமிங் என்பார் 1904-இல் இதனை அமைத்து, மின்னோட்டம் ஒரு திசையே செல்லவல்லதாதலின் வால்வு, அஃதாவது ஒருவழிக் கதவம், என்று பெயரிட்டார். ஈராண்டு கழித்து, 1906-இல், அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் குழலுக்கும் பிளேட்டுக்கும் இடையே கிரிட்டு என்னும் கம்பி வலையொன்றை வைத்தார். அவ்வொரு கம்பியே உலகின் வாயைத் திறந்தது. ஏரி மதகின் பலகையைச் சிறுவன் ஒருவன் சாணளவு தூக்குகின்றான். ஊர் வயலெல்லாம் நீர் பாய்கின்றது. நீரைப் பாய்ச்சியது சிறுவனுடைய வலிமையன்று, ஏரியின் வலிமை. ஆயினும் எவ்வளவு பாயவேண்டும் என்பது அவன் கையில் உளது. அங்ஙனமே மைக்கிலிருந்து வரும் நொய்ய குரல் கிரிட்டை அசைக்க, 300 வோல்ட்டு அளவிலே தேங்கிநிற்கும் மின்சாரம் அக்குரலின் வடிவாகவே பாய்ந்து செல்கின்றது.

ஒலியைப் பெருக்குதல் இவ்வளவில் எளிதாயிற்று. பிழையின்றிப் பெருக்குதலோ எளிதாகவில்லை. குரல் சிறிதாயின் ஒருவாறும் பெரிதாயின் மற்றொருவாறும் வால்வு நடந்துகொள்ளும். ஆதலின் உள்ளே புகுந்த ஒலிக்கும் வெளியே வந்த ஒலிக்கும் வேறுபாடு உண்டாகும். அதனைத் திரிபு என்போம். தொலைபேசிக் கம்பி நெடுந்தூரம் செல்லுங்கால் இடையிடையே பெருக்கிகள் வேண்டும். ஒவ்வொன்றும் தன் திரிபைச் சேர்க்க, கடைசியிற் கேட்பது பேச்சன்று, கரகரப்பே. இதற்கு மருந்து தேடியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹெரால்டு பிளாக். 1927 ஆகஸ்டு 2-ஆம் நாட் காலை ஹட்சன் ஆற்றைப் படகிற் கடந்து வேலைக்குச் சென்றுகொண்டிருந்தவர், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கமொன்றில் அம்மருந்தை எழுதினார்.

தமிழ் மாணவர்க்கு அதனை விளக்குதல் அரிதன்று. ஏடு பெயர்த்தெழுதும் ஒருவன் எழுதிக்கொண்டே போகின்றான், பிழை மலிகின்றது. மற்றொருவன் ஒவ்வொரு வரியையும் மூல ஏட்டோடு ஒப்பிட்டு, வேறுபட்ட அளவை உடனுக்குடன் சொல்லித் திருத்தச் செய்கின்றான். வேகம் குறைகின்றது, பிழையும் குறைகின்றது. பிளாக் செய்தது இதுவே. வெளிவந்த ஒலியில் ஒரு சிறு பங்கை மீண்டும் தொடக்கத்திற்குக் கொணர்ந்து, மூலத்திலிருந்து கழித்தார். பெருக்கம் பத்தில் ஒன்றாயின் திரிபும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும். பெருக்கத்தை விற்று உண்மையை வாங்கும் வாணிகம்! பெருக்கத்திற்காகவே செய்த கருவியிற் பெருக்கத்தை வேண்டுமென்றே இழப்பது பேதைமை என்று அந்நாளிற் பலர் கருதினர். அவருடைய காப்புரிமை 1937-இலேதான் கைக்கு வந்தது. கழிக்கவேண்டியதைக் காலந் தவறிக் கூட்டிவிட்டால் விளைவது யாது என்பதை விளக்க வேண்டுவதில்லை. திருமண வீடுகளில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தவுடன் காதைப் பிளக்கும் ஊளை எழுகின்றதே, அதுதான்.

இவ்வளவும் கருத்து. கருத்தைக் கையிற் பிடிக்கும் பொருளாக்கி, அதன் அளவுகள் அனைத்தையும் உலகிற்கு வழங்கியவர் வேறொருவர். டி. டி. என். வில்லியம்சன் என்னும் இளைஞர், மார்க்கோனி-ஆஸ்ரம் வால்வுக் கம்பெனியிற் பணிபுரிந்தவர், 1947 ஏப்ரல், மே மாதங்களில் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' என்னும் ஆங்கில இதழில் ஓர் ஆம்ப்ளிஃபயரின் அமைப்பை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு அகவை 24. கே.டி. 66 என்னும் வால்வு இரண்டைக் கொண்டு 15 வாட்டு ஒலியாற்றல். திரிபு ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அக்காலத்திற்கு இஃது அரிய செயலே. ஆயினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது அதுவன்று. வால்வு இரண்டுக்கும் உரிய 10,000 ஓம் சுமையையும் ஸ்பீக்கரின் சில ஓம்களையும் இணைத்துவைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரே இவ்வமைப்பின் உயிர்நிலை. திரிபை அடக்குவதும் அதுவே, ஊளையைக் கிளப்புவதும் அதுவே. வேறொருவராயின் அதனை மட்டும் மறைத்து வைத்து, "கம்பெனியில் வாங்கிக்கொள்க" என்றிருப்பர். வில்லியம்சனோ கம்பியை எவ்வாறு பகுத்துச் சுற்றவேண்டும், எத்தகைய இரும்புத் தகடு வேண்டும் என்பது ஈறாக எழுதிவிட்டார். எழுதியதன் பயன் உடனே தெரிந்தது. 1949-இல் அமெரிக்காவிற் சார்சரும் ஸ்பிரிங்கிளும் தம் நாட்டில் மலிவாய்க் கிடைத்த 807 வால்வுக்கேற்ப அதனை மாற்றி அமைத்தனர். 1951-இல் ஹாஃப்லரும் கீரோசும் டிரான்ஸ்பார்மரின் இடையிலிருந்து ஒரு கம்பியை வால்வின் திரைக்குக் கொணர்ந்து, அதனை மேலும் செம்மை செய்தனர். ஒருவர் எழுதியதன்மேல் ஒருவர் ஏறி நின்றனர்.

இனி, அவ்வாண்டையும் மாதத்தையும் வாசகர் நினைவிற்கொள்க. வில்லியம்சனின் இரண்டாம் கட்டுரை 1947 மே மாதத்தது. அடுத்த ஜூன் மாதத்தில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' அரங்கேறிற்று. அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பின்னர்த் தமிழ்ப் பேராசிரியரானவர். சிலப்பதிகாரத்தின் சொற்களையும் சுருதிக் கணக்கையும் பல்லாண்டு ஒப்புநோக்கி, இறந்துபட்ட யாழின் வடிவை அளவோடு மீட்க முயன்றார். நூல் அரங்கேறிய மறுமாதம் அவர் மறைந்தார். ஒரே இளவேனிலின் இரு புறத்தில், ஒலியைப் பற்றிய இரண்டு அரிய எழுத்துகள்! ஒருவர் தம் கையாற் செய்த கருவியை உடனே எழுதி வைத்தார்; மற்றொருவர் எவரோ செய்து எழுதாமற் போனதை வாழ்நாளைச் செலவிட்டுத் தேடினார். முன்னவர்க்கு இரண்டு இதழ்களின் சில பக்கங்கள் போதியனவாயின. பின்னவர்க்கு ஒரு வாழ்க்கை வேண்டியிருந்தது. எழுதுதலுக்கும் எழுதாமைக்கும் உள்ள விலையை இதனினும் தெளிவாகக் காட்டவல்லது எதுவும் நாம் அறிந்த வரலாற்றில் இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அதே பெல் ஆய்வுக்கூடத்திற் பார்டீனும் பிராட்டெய்னும் டிரான்சிஸ்டரைக் கண்டனர். வால்வு நிறைநிலை எய்திய ஆண்டே அதன் மாற்றாளும் பிறந்த ஆண்டு. இஃது இடைப்பிறவரல்.

நம் நாடு வால்வுக்குப் புதியதன்று. 1924-இற் கிருஷ்ணசாமிச் செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் 40 வாட்டு ஒலிபரப்பியைக் கொண்டு ஆண்டின் நடுவிலேயே ஒலிபரப்பிற்று. பொருள்முடையால் 1927-இல் நின்றது. சென்னை நகராண்மைக் கழகம் அக்கருவியை ஏற்று 1930 முதல் ஒலிபரப்ப, மெரினாக் கடற்கரையில் மக்கள் கூடி நின்று கேட்டனர். அரசினரின் சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இலும், திருச்சி நிலையம் 1939 மே 16-இலும் எழுந்தன. 1934-இல் ஸ்ரீநிவாஸ் சினிடோன் படப்பிடிப்பு நிலையத்தில் ஒலிப்பதிவுக் கருவியின்முன் அமர்ந்தவர் மீனாட்சி நாராயணன் என்னும் அம்மையார்; இந்தியாவின் முதல் ஒலிப்பதிவாளப் பெண்மணி என்று போற்றப்பெறுபவர். பேசும்படத்தைப் புகழ்வோர் நடித்தவரையே நினைப்பர். குரலை வால்வின் வழியே பிடித்தவரை நினைப்பவர் சிலரே. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று அறிவித்தார். ஆண்மையும் அறிவும் இந்நாட்டிற் குறைந்தில என்பதற்கு இவை போதும்.

நம் எல்லைப்புறத்திற்கு நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954-இல் நிறுவப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம், 1961 முதற் பிலிப்ஸ் கம்பெனியின் துணையோடு வானொலிப் பெட்டிக்குரிய வால்வுகளைச் செய்யத் தொடங்கிற்று. தாத்தாவின் பெட்டியில் ஈ.எல். 84 வால்வு இரண்டிருந்தன. இரண்டின் கண்ணாடியிலும் பி.இ.எல். என்னும் எழுத்து மங்கலாய்த் தெரிந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த பொருளென்று நாம் கருதியிருந்தது, ஒரு பகற்பயணத் தொலைவிற் பிறந்தது! அந்நிறுவனம் தமிழுக்கு மற்றொரு கொடையும் அளித்தது. குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பயின்று, பாரத் எலக்ட்ரானிக்ஸிற் பொறியாளராயிருந்து, வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கும் பணியில் முன்னின்ற ரங்கராஜன் என்பாரே, சுஜாதா என்னும் பெயரிற் கதை எழுதியவர். சிலிக்கன் சில்லையும் கம்ப்யூட்டரையும் தமிழில் எளிய நடையில் அவர் எழுதினார். எழுதப் புகுந்த காலத்தில் வால்வின் காலம் கழிந்திருந்தது; அதற்கு அத்தகைய கை வாய்க்கவில்லை.

தாத்தாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் ஏடு உண்டு. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், நீல மையில், கோடுகளும் எண்களுமாய் வரைந்தது. பெங்களூர்க் கடையில் முதலாளி ஊணுக்குச் சென்ற வேளைகளிற் சிறிது சிறிதாகப் பார்த்தெழுதியதாம். அதற்கு அவர் இட்ட பெயர் 'அஞ்சு-பத்து'. இஃது என்ன புதிர் என்று மயங்கி, அதன் படத்தைப் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவருக்குக் காட்டினோம். அவர் இரண்டு நாள் தேடி விடை கொணர்ந்தார். முல்லார்டு கம்பெனி 1954-இல் அளவுகளோடு வெளியிட்ட 'ஐந்து-பத்து' என்னும் அமைப்பே அது. ஐந்து வால்வு, பத்து வாட்டு. ஓரிரண்டு எண்கள் மட்டும் வேறாயிருந்தன. அவை பெயர்த்தெழுதினான் பிழையோ, பெங்களூர்க் கடையின் திருத்தமோ என்பது பாடபேத ஆராய்ச்சிக்குரிய வினா. தமிழ் மாணவராகிய நமக்கு அது நன்கு பழகிய தொழிலன்றோ! இலண்டனில் அச்சேறிய ஓலையொன்று அஞ்செட்டித் தகரக் கொட்டகைவரை நடந்து வந்துள்ளது. எழுதி வெளியிட்டிராவிட்டால் நடந்திராது.

ஆனால், கதை இங்கே கைக்கிறது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தபொழுது, அதனுள் இருந்த ரெசிஸ்டர்களின் வண்ணக் கோடுகள் பல சுரண்டப்பட்டிருந்தன. காரணம் வினவினோம். தாத்தா சற்றுநேரம் பேசாதிருந்து, பின், “தேன்கனிக்கோட்டைக்காரன் ஒருத்தன் அடிக்கடி வந்து பார்த்துட்டுப் போனான், கண்ணு. அவனும் இதே மாதிரி கட்டிட்டா எனக்குப் பிழைப்பு ஏது?” என்றார். எவரோ வெளிப்படையாக எழுதியதாற் பிழைத்தவர், தாம் அறிந்ததைச் சுரண்டி மறைத்தார். அவரைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. வயிற்றுக்கு உணவு தரும் வித்தையை ஏழை ஒருவன் பொத்தி வைத்தல் இயல்பே. வில்லியம்சனுக்குக் கம்பெனிச் சம்பளம் இருந்தது. ஆயினும் யாழ் செய்த தச்சரும் இங்ஙனமே எண்ணியிருப்பார் என்னும் நினைவு நம்மை விட்டு நீங்கவில்லை.

ஏட்டில் இல்லாதவையே அவரிடம் மிகுதி. டிரான்ஸ்பார்மரைக் கையாற் சுற்றும் முறையை அவர் எங்கும் எழுதிற்றிலர். முதற் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் தனித்தனியே முடிக்கலாகாது; பல பகுதியாய்ப் பிரித்து, ஒன்றனிடையே ஒன்றாகப் பாய் முடைவதுபோலச் சுற்றவேண்டும்; இல்லையேல் உயர்ந்த சுருதிகள் வழியிலே ஒழுகிவிடும் என்றார். மூடி திறந்த பெட்டியுட் கை விடும்பொழுது மற்றொரு கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்ளவேண்டும். மின்சாரம் ஒரு கையிற் புகுந்து மறு கையில் வெளியேறினால் இடையிலிருப்பது நெஞ்சன்றோ! நிறுத்திய பின்னும் கண்டன்சருள் மின்சாரம் தங்கும். அதனை வடித்த பின்னரே தொடுதல் வேண்டும். இவற்றை அவர் சொன்ன சொற்களோ நம்மை வியப்பில் ஆழ்த்தின. மின்சாரத்தை ஒருதிசைப்படுத்தி மற்ற வால்வுகளுக்கு ஊட்டும் வால்வு அவருக்குச் 'சோறு போடுற வால்வு'. ஒரே குரலை ஒன்றற்கொன்று எதிரான இரண்டாகப் பிரிக்கும் ஈ.சி.சி. 83 'இரட்டைப் பிள்ளைக்காரி'. கடைசியில் நிற்கும் ஈ.எல். 84 இரண்டும் 'ஏத்தக்காரங்க': ஒருவன் முன்னே மிதிக்க மற்றவன் பின்னே வருவான், இருவரும் ஓய்வின்றி மாறி மாறி இறைப்பர். புஷ்-புல் என்னும் அமைப்பைத் தமிழில் இதனினும் செவ்விதாய் விளக்கிய நூலை நாம் கண்டிலோம்.

தாத்தாவின் பேத்தி நம்மினும் ஈராண்டு மூத்தவள். விடியுமுன் கம்பெனிப் பேருந்தில் ஏறி ஓசூர்ப் பக்கம் சென்று, கைப்பேசி உறுப்புகளைப் பொருத்துகின்றாள். 1970-களில் ஓசூரிற் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல் நம் மலைப்புறத்து மக்கள் மோட்டார் செய்தனர், கடிகாரம் செய்தனர். இன்று எலக்ட்ரானிக்ஸ் செய்கின்றனர். அக்காள் செய்யும் உறுப்பு என்ன வேலை செய்யும் என்று வினவினோம். “எங்க லைனுக்கு வர்ற நம்பர் மட்டும்தான் தெரியும்” என்றாள். பாட்டனார் ஐந்து வால்வும் அறிவார். பேத்தி ஓர் எண் அறிவாள். அவள் அறிவிற் குறைந்தவள் அல்லள்; பத்தாம் வகுப்பிற் கணக்கில் நம்மை வென்றவள். அவள் கையிற்படும் பொருளின் இயல்பை அவள் பேசும் மொழியில் எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் நம் எல்லைக்குள் வந்துவிட்டது. நம் மொழிக்குள் வரவில்லை. நாம் வழக்காட வந்தது இதற்கே.

நம் கருத்து இது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வுக்கட்டுரை ஒன்று எழுதவேண்டும் என்பது விதி. ஆண்டுதோறும் அவை பழைய பாட்டுகளின் உவமை நலத்தையும் அணி நலத்தையுமே சுற்றி வருகின்றன. அவற்றை நாம் இகழ்ந்திலோம். நாமும் அத்தகையதொன்று எழுதத் தொடங்கியிருந்தோம். ஆயினும், உயிரோடிருக்கும் கைவினைஞர் ஒருவரிடம் சென்று, அவர் அறிந்ததை அளவோடும் அவருடைய சொல்லோடும் எழுதிக் கொணர்வதும் தமிழாராய்ச்சியே என்று துறையினர் ஏற்றல் வேண்டும். ரேடியோ பழுதுபார்ப்பவர், டிரான்ஸ்பார்மர் சுற்றுபவர், படக்கொட்டகையில் ஒலிக்கருவி இயக்கியவர் எனச் சிற்றூர்தோறும் சிலர் எஞ்சியுளர். அவர்களுள் இளையவர்க்கே எழுபது அகவை இருக்கும்.

இதனைக் கேட்ட பௌதிக நண்பர் நகைத்தார். வால்வு செத்த பொருள். செத்ததற்கு அகராதி எதற்கு என்றார். செத்ததென்பது முழுதும் உண்மையன்று. ருஷியாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனத்திலும் இன்றும் வால்வு செய்கின்றனர். கித்தார் வாசிப்போர் அதன் திரிபையே இனிமையென விரும்பி வாங்குகின்றனர். அஃதொருபுறம் இருக்க, பிளாக் படகிலே எழுதிய முறை நண்பரின் கைப்பேசியிலும் இருந்து வேலை செய்கின்றது. அங்கே அதனைக் கண்ணாற் காணமுடியாது, வால்வுப் பெட்டியிற் கம்பியைத் தொட்டுக் காட்டமுடியும். கற்பிக்க ஏற்ற கருவி பழைய கருவியே. சில்லின் இலக்கணத்திற்கு வால்வு நெடுங்கணக்கு.

தமிழ்த்துறை நண்பர் ஒருவர் வேறு தடை எழுப்பினார். பிளேட்டு, கிரிட்டு, வால்வு என்று எழுதினால் தமிழின் தூய்மை என்னாவது என்பது அவர் கவலை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிரீன் என்னும் மிஷன் மருத்துவரை அவருக்கு நினைவூட்டினோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், தமிழ் பயின்று, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகத் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கியும் ஆக்குவித்தும் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றன் பெயர் 'இரண வைத்தியம்'. மற்றொன்றன் பெயர் 'கெமிஸ்தம்'. பொருந்திய தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்து அதனை ஆண்டார். கிடையாதவிடத்துப் பிறசொல்லைத் தமிழ் வாய்க்கு ஏற்பத் திருத்திக்கொண்டார். சொல்லுக்காகக் காத்திருந்து பொருளை இழந்தாரல்லர். அவர் கையாண்ட சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. அதனால் அவர் மாணவர் கற்ற மருத்துவம் பொய்யாயிற்றா? 'ஏத்தக்காரங்க' என்னும் சொல்லை எழுதி வைப்போம். நூறாண்டுக்குப் பின் வருவார் வேண்டுமாயின் செம்மை செய்துகொள்க.

பெட்டி இரும்புக் கடைக்குச் செல்லவில்லை. பேத்தி தடுத்தாள், நாம் வந்து எழுதிக்கொண்டிருக்கும்வரை இருக்கட்டும் என்றாள். விடுமுறையில் ஒன்பது மாலைகள் கொட்டகையில் இருந்தோம். வண்ணம் சுரண்டிய ரெசிஸ்டர்களின் அளவுகளைத் தாத்தாவே ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். அதனைப் பௌதிக நண்பர் மீட்டரைக் கொண்டு அளந்து தருவதாகக் கூறியுள்ளார், நகைத்தவர் அவரேயாயினும். டிரான்ஸ்பார்மரின் முதற் சுற்றுக் கணக்கு நம் குறிப்பேட்டில் ஏறிவிட்டது. இரண்டாம் சுற்றின் கணக்கைக் கேட்டபொழுது தாத்தா, “அது அடுத்த தடவை, கண்ணு. வரும்போது ஏத்தக்காரங்க ரெண்டு பேரையும் புதுசா வாங்கிட்டு வா, இவங்களுக்கு மூச்சு வாங்குது” என்றார். சென்ற மாதம் பெங்களூர் எஸ். பி. ரோட்டிற் கடை கடையாய் ஏறி இறங்கி, சுலோவாக்கிய நாட்டு ஈ.எல். 84 ஓர் இணை வாங்கினோம். விடுதி அறையில், அட்டைப் பெட்டியுட் பஞ்சு சுற்றி, சிலப்பதிகாரத்தின் பக்கத்தில் அவை இருக்கின்றன. தேர்வு ஏப்ரல் இறுதியில் முடிகின்றது. மறுநாட் காலைப் பேருந்துக்கு அஞ்செட்டிக்குச் சீட்டு எழுதியாயிற்று.